பொன்னகரம் தேடிய பிள்ளைகள்



ஒரு நாகரிகம் கொள்ளைபோன கதையைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? கொடுமையை மறைத்தால் பொய் சொன்னவர்களாவோம். முழுவதையும் கொட்டினால் பிள்ளை மிரண்டு எழுந்து போய்விடும். பாடப்புத்தகங்கள் இந்த இக்கட்டிலிருந்து தப்ப ஒரு வழி வைத்திருக்கின்றன. ஆண்டையும் பெயரையும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். 1980களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களும் ஜப்பானியர்களும் சேர்ந்து எடுத்த ஓர் அனிமேஷன் தொடர் வேறொரு வழியைக் கண்டது. ‘மர்மப் பொன்னகரங்கள்’ என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ஜப்பானில் அது சூரியனின் பிள்ளை எஸ்தெபான் என்ற பெயரில் 1982இல் என்எச்கே தொலைக்காட்சியில் வந்தது. பிரான்சில் 1983 செப்டம்பரில் ஆன்ட்டென் 2 அலைவரிசையில் தொடங்கியது. 1986இல் பிபிசியும் காட்டியது. மொத்தம் 39 பகுதிகள்.

இன்றைக்கும் ஐரோப்பாவில் ஐம்பதை நெருங்குகிற ஆட்கள் அதன் முகப்புப் பாட்டைக் கேட்டவுடன் கூடவே பாடத் தொடங்கிவிடுகிறார்கள். சிறு வயது நினைவின் இனிமை என்று அதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அதே காலத்தில் வந்த எத்தனையோ தொடர்கள் பெயர்கூட மிஞ்சாமல் போயின. இது ஏன் நின்றது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் எடுத்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். டீக் என்ற பிரெஞ்சு நிறுவனத்தை நடத்திய ழான் ஷலோப்பான், அவருடன் பெர்னார் தெரியேஸ், ஜப்பானியத் தரப்பில் மிட்ஸுரு கானெகோ. ஷலோப்பானின் நிறுவனம் இதற்கு முன்பே ஜப்பானியர்களோடு சேர்ந்து ஹோமரின் ஒடிசியஸை 31ஆம் நூற்றாண்டு விண்வெளிக்கு அனுப்பி ஒரு தொடர் எடுத்திருந்தது. படம் வரைந்தது 1979இல் பிறந்த பியரோ ஸ்டுடியோ. இயக்கத்துக்கு ஹிசாயுகி டோரியூமி. வாத்தின் முதுகில் ஏறி ஸ்வீடனைச் சுற்றிய நில்ஸ் என்ற சிறுவனின் கதையை 1980இல் இதே ஸ்டுடியோவில் எடுத்தவர் அவர். மேலிருந்து பார்த்தால் நிலம் எப்படி விரியும் என்பது அவர் கைக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. ஆண்டீஸ் மலைகளுக்கு மேல் பறக்கிற காட்சிகளில் அந்தப் பழக்கம் தெரியும்.

கதைக்கு வித்து ஓர் அமெரிக்க நாவல். ஸ்காட் ஓடெல் 1966இல் எழுதிய ‘அரசனின் ஐந்திலொரு பங்கு’. புதையல் எதுவானாலும் அதில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்பெயின் அரசருக்குச் சேர வேண்டும் என்பது அன்றைய சட்டம். அந்தப் பங்கைக் கொடுக்காமல் மறைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட எஸ்தெபான் என்ற வரைபடக்கார இளைஞன் சிறையில் உட்கார்ந்து நடந்ததை எழுதுகிறான். கதையில் மெண்டோசா என்ற படைத்தலைவனும் ஸியா என்ற பூர்வகுடிப் பெண்ணும் உண்டு. தொடர் எடுத்துக்கொண்டது இந்த மூன்று பெயர்களையும், தங்கத்தைத் தேடிப் போகிறவர்கள் என்ன ஆகிறார்கள் என்ற கேள்வியையும். மற்றதெல்லாம் புதிது. நாவல் பெரும்பாலும் இருட்டு. தொடருக்குள் வெயில் அடிக்கிறது.

கதை 1532இல் பார்சிலோனாவில் தொடங்குகிறது. பாதிரியார் ஒருவர் எடுத்து வளர்த்த எஸ்தெபானுக்குப் பன்னிரண்டு வயது. அவன் அழைத்தால் மேகம் விலகிச் சூரியன் வரும் என்று ஊர் நம்புகிறது. அதற்கு அவன் உயரமான இடத்தில் ஏறி நிற்க வேண்டும். அவனுக்கோ உயரம் என்றால் உயிர் போகும் பயம். இந்த ஒரு விவரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அதிசயச் சக்தி படைத்த வீரனைப் பிள்ளைகள் ஏராளமாகப் பார்த்திருக்கிறார்கள். தன் சக்தியைக் காட்ட வேண்டுமானால் தான் மிகவும் அஞ்சுவதைச் செய்தாக வேண்டும் என்ற நிலையில் ஒரு வீரனைப் பார்த்தவர்கள் குறைவு. கீழே நிற்கிற கூட்டம் வானத்தைப் பார்க்கும். பார்க்கிற பிள்ளை எஸ்தெபானின் காலைப் பார்ப்பான்.

அவனைக் கப்பலேற்றி அழைத்துப் போகிறவன் மெண்டோசா. மகெல்லனின் பயணத்தில் போனவன். அந்தப் பயணத்தின்போது புயலில் மூழ்கிய கப்பலிலிருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றினேன், அது நீதான் என்று எஸ்தெபானிடம் சொல்கிறான். மகெல்லனின் கப்பல்கள் தென்கோடி ஜலசந்தியைக் கடந்தது 1520இன் கடைசியில். பையனுக்கு 1532இல் பன்னிரண்டு வயது என்பது அங்கே சரியாகப் பொருந்துகிறது. கற்பனையை எழுதினாலும் கணக்கைக் கலைக்காதவர்கள் இவர்கள்.

கப்பலில் ஸியா இருக்கிறாள். இன்கா நாட்டுச் சிறுமி. பெருவைப் பிடிக்கக் கிளம்பிய ஸ்பானியத் தலைவர் பிஸாரோவின் ஆட்கள் அவளைக் குழந்தையாக இருக்கும்போதே கடத்திக்கொண்டு போய் ஸ்பெயின் அரசிக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். இப்போது மறுபடியும் கடத்தித் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். காரணம், பிஸாரோ தேடுகிற பொன்னகரத்துக்கான வழி தங்கத்தாலான ஒரு கிப்புவில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் தங்க வேண்டும். தொடரின் உயிர் எனக்கு இங்கேதான் இருப்பதாகப் படுகிறது.

ஸியாவின் கதை கட்டுக்கதைபோல் இருக்கும். ஆனால் பிஸாரோ உண்மையிலேயே பிள்ளைகளைக் கொண்டுபோனவர். 1528வாக்கில் பெருவின் கரையோரத்திலிருந்து சில சிறுவர்களைக் கப்பலேற்றினார். அவர்களில் ஒருவனுக்கு ஸ்பானியர்கள் வைத்த பெயர் ஃபெலிப்பில்லோ, இன்னொருவனுக்கு மார்ட்டினில்லோ. ஸ்பானிய மொழி கற்பித்து மொழிபெயர்ப்பாளர்களாக்கினார்கள். அவர்களையும், லாமாக்களையும், நெய்த துணிகளையும், தங்கச் சாமான்களையும் காட்டித்தான் பிஸாரோ பெருவைப் பிடிக்க அனுமதி கேட்டார். 1529 ஜூலையில் டொலேடோவில் அந்த அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் அரசி இசபெல். அரசர் சார்லஸ் அப்போது ஊரில் இல்லை. ஆக, ஸ்பெயின் அரசவையில் காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்ட அந்நிய தேசத்துப் பிள்ளை என்பது வரலாறு. தொடர் செய்தது ஒன்றே ஒன்று: அந்தப் பிள்ளையைக் கதையின் ஓரத்திலிருந்து எடுத்து நடுவில் வைத்தது.

கிப்புவும் அப்படித்தான். இன்காக்கள் எழுத்து வைத்திருக்கவில்லை. ஒரு தலைக்கயிற்றிலிருந்து பல நூல்கள் தொங்கும், நூல்களில் முடிச்சுகள். முடிச்சின் வகை, அது இருக்கும் இடம், நூலின் நிறம் எல்லாவற்றுக்கும் பொருள் உண்டு. களஞ்சியத்தில் எவ்வளவு சோளம், எந்த ஊரில் எத்தனை பேர், யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஒரு பெரும் அரசே அந்த நூல்களில் தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சுகளில் இருக்கும் எண்கள் பத்தை அடிப்படையாகக் கொண்டவை என்பதை 1912இல் லீலண்ட் லாக் என்ற அமெரிக்கர் விளக்கினார். எண்களைப் படிக்கலாம். ஆனால் எண்ணல்லாத கிப்புகளும் உண்டு. வரலாறும் வம்சாவளியும் அவற்றில் இருந்ததாக ஸ்பானியக் குறிப்புகளே சொல்கின்றன. அவற்றை முழுதாகப் படிக்க இன்றைக்கும் எவராலும் முடியவில்லை. 1583இல் லீமாவில் கூடிய திருச்சபைப் பேரவை, கிப்புகளில் விக்கிரக வழிபாடு ஒளிந்திருக்கிறது என்று சொல்லி அவற்றை அழிக்க உத்தரவிட்டது. படிக்கத் தெரிந்தவர்கள் செத்துப்போனார்கள். படிக்க வேண்டியவற்றில் பல எரிந்துபோயின.

இப்போது ஸியா அந்தத் தங்கக் கிப்புவைக் கையில் வாங்குகிற காட்சியைப் பாருங்கள். சுற்றிலும் ஆயுதம் பிடித்த பெரியவர்கள். கப்பல் அவர்களுடையது, பீரங்கி அவர்களுடையது, சட்டமும் அவர்களுடையது. இருந்தும் ஒரு சிறுமி வாய் திறந்து சொல்கிற வரைக்கும் அவர்களால் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. சொல்வதா, மறைப்பதா, எவ்வளவு சொல்வது என்பதெல்லாம் அவள் முடிவு. தோற்றவர்களின் அறிவுக்கு இவ்வளவு எடை கொடுத்த சிறுவர் தொடர் வேறு எனக்குத் தெரியாது.

மூன்றாவது பிள்ளை தாவோ. கலபகோஸ் தீவொன்றில் தனியாகக் கிளியோடு வாழ்கிறவன். கடலில் மூழ்கிய மூ என்ற பேரரசின் கடைசி வாரிசு. முன்னோர்கள் விட்டுப்போன கலைக்களஞ்சியம் ஒன்றும் திறக்க முடியாத ஒரு ஜாடியும்தான் அவன் சொத்து. பெருமை பேசுவான், பொறி செய்வான், எஸ்தெபானோடு சண்டை பிடிப்பான். வரலாற்றுப்படி கலபகோஸை ஐரோப்பியர்கள் முதலில் கண்டது 1535இல், பனாமாவின் பிஷப் ஒருவருடைய கப்பல் திசை தவறிப் போனபோது. மூன்று ஆண்டு முந்திவிட்டார்கள் என்று இதைப் பெரிதுபடுத்த மாட்டேன்.

மூன்று பிள்ளைகளும் தகப்பனையோ முன்னோரையோ தேடுகிறார்கள். அவர்களைச் சுற்றியிருக்கிற பெரியவர்கள் எல்லோரும் தங்கம் தேடுகிறார்கள். இரண்டு தேடலுக்கும் வழி ஒன்று. அதனால் இரு தரப்பும் பிரிய முடியாமல் சேர்ந்தே போக வேண்டியிருக்கிறது. 39 பகுதிகளை இழுத்துக்கொண்டு போகிற பொறி இவ்வளவுதான். வேறு எந்தத் தந்திரமும் தேவைப்படவில்லை.

அந்தத் தங்கத்தின் உண்மைக் கதையைச் சொல்லாமல் இந்தத் தொடரைப் புரிந்துகொள்ள முடியாது. எஸ்தெபான் கப்பலேறிய அதே 1532. நவம்பர் 16. கஹமார்கா என்ற மலையூரின் சதுக்கத்தில் பிஸாரோ 168 ஆட்களை ஒளித்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். இன்காப் பேரரசர் அதவால்பா ஆயிரக்கணக்கான பரிவாரத்தோடு வந்தார். வால்வெர்தே என்ற துறவி மொழிபெயர்ப்பாளனோடு எதிரே போய் கிறித்தவத்தை ஏற்கச் சொன்னார். அவர் கொடுத்த வேதப் புத்தகத்தை அதவால்பா கீழே எறிந்தார். அதுதான் சைகை. பீரங்கி வெடித்தது, குதிரைகள் பாய்ந்தன. ஆயுதமில்லாமல் வந்த பரிவாரம் சாயங்காலத்துக்குள் வெட்டுப்பட்டுக் கிடந்தது, பேரரசர் கைதியானார்.

விடுதலைக்கு விலையாக, சுமார் 22 அடி நீளமும் 17 அடி அகலமும் கொண்ட ஓர் அறையைக் கை எட்டுகிற உயரத்துக்குத் தங்கத்தால் நிரப்பித் தருகிறேன் என்றார் அதவால்பா. நாடெங்கிலுமிருந்து வந்துகொண்டே இருந்தது. குஸ்கோவின் சூரியக் கோயிலான கொரிகாஞ்சாவின் சுவர்களிலிருந்து சுமார் 700 தகடுகளைப் பெயர்த்தெடுத்தார்கள். அந்தக் கோயில் தோட்டத்தில் தங்கத்தால் செய்த சோளப் பயிர் நின்றது. குடங்கள், பறவைகள், சிலைகள் எல்லாம் வந்தன. 1533இல் உலைகள் மூட்டி, இன்காப் பொற்கொல்லர்களின் கைகளாலேயே அவற்றை உருக்கினார்கள். ஆறாயிரம் கிலோவுக்கு மேல் தங்கம், பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கிலோ வெள்ளி. அரசரின் ஐந்திலொரு பங்கை ஒதுக்கிவிட்டு மீதியைப் பங்கிட்டார்கள். குதிரைவீரன் ஒவ்வொருவனுக்கும் சுமார் 40 கிலோ தங்கம். பிறகு, அந்த ஜூலையில், வாக்குக் கொடுத்தபடி தங்கத்தைத் தந்த அரசரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

இன்காக்களிடம் தங்கம் காசாகப் புழங்கவில்லை. அது சூரியனுக்கு உரியது, அதனால் கோயிலுக்கும் அரசனுக்கும் உரியது. தங்கத்தை எடை போட்டே பார்த்த ஐரோப்பாவில் ஒரு விதிவிலக்கு உண்டு. 1520இல் பிரஸ்ஸல்ஸ் நகரில், மெக்சிகோவிலிருந்து கோர்ட்டேஸ் அனுப்பிய பொருள்களை ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் பார்த்தார். ஒரு மார் அகலமுள்ள தங்கச் சூரியன் அங்கே இருந்தது, அதே அளவில் வெள்ளி நிலாவும் இருந்தது. டியூரர் பொற்கொல்லரின் மகன். அந்த அந்நியக் கைகளின் நுட்பத்தைக் கண்டு தன் உள்ளம் மகிழ்ந்ததை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்தச் சூரியன் இன்று இல்லை.

தொடரில் எஸ்தெபான், ஸியா இருவர் கழுத்திலும் ஒரே மாதிரியான சூரியப் பதக்கம் தொங்குகிறது. கொள்ளையர்கள் அதை எடை போடுவார்கள். பிள்ளைகளுக்கு அது சாவி. பொன்னகரத்தின் கதவைத் திறக்க இரண்டு பதக்கங்களும் வேண்டும். ஒரு பொருளுக்குள் இருக்கும் வேலைப்பாட்டையும் அர்த்தத்தையும் பார்க்கிறவர்கள் ஒரு பக்கம். உருக்கினால் எவ்வளவு தேறும் என்று பார்க்கிறவர்கள் மறுபக்கம். டியூரர் ஒருவராகப் பார்த்ததை இந்தத் தொடர் லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கவைத்தது.

நடுவில் ஒருவன் நிற்கிறான். மெண்டோசா. என் கருத்தில் தொடரின் மிகச் சிறந்த படைப்பு அவன்தான். நீலப் போர்வை, இடுப்பில் வாள், எப்போதும் பாதி உண்மை. எஸ்தெபானை அழைத்துவந்ததே சூரியனை வரவழைக்கிற பையன் பயணத்துக்கு உதவுவான் என்ற கணக்கில்தான். பதக்கத்தின் மேல் அவனுக்கு ஒரு கண். அதேசமயம் பையனுக்கு ஆபத்து என்றால் முதலில் வாளை உருவுகிறவனும் அவன். அவன் நல்லவனா கெட்டவனா என்று தொடர் சொல்லவே இல்லை. பகுதிக்குப் பகுதி பிள்ளைகள் தாங்களே முடிவு செய்ய வேண்டும், அடுத்த பகுதியில் மாற்றிக்கொள்ளவும் வேண்டும். தகப்பனில்லாத பையன் ஒருவனுக்குத் தகப்பன் ஸ்தானத்துக்கு வந்து நிற்கிறவன் முழு நம்பிக்கைக்கு உரியவனும் இல்லை, விட்டுவிடக்கூடியவனும் இல்லை. வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பிள்ளைகள் மனத்துக்குள் வைத்திருக்கிற கேள்விகளை இந்த ஒரு பாத்திரம் கௌரவமாக எடுத்துக்கொண்டது. அவனோடு வருகிற சான்சோவும் பெட்ரோவும் சிரிக்கவைக்கிற ஜோடி. அவர்களைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து சூரியன். பிள்ளைகள் முதலில் சோலாரிஸ் என்ற மூப் பேரரசின் கப்பலைக் கண்டெடுக்கிறார்கள். அது சூரிய ஆற்றலில் ஓடும். அது அழிந்தபிறகு, மலைகளுக்கு நடுவே ஒரு தங்கக் காண்டோர் வெளிப்படுகிறது. ஆண்டீஸின் பெருங்கழுகு வடிவில் ஒரு பறக்கும் ஊர்தி. வெயில் பட்டால் பறக்கும். தங்கத்தால் ஆனது ஒன்று யாருடைய பெட்டிக்குள்ளும் போகாமல், மூன்று பிள்ளைகளைச் சுமந்துகொண்டு மலைமேல் பறக்கிறது. உயரத்துக்கு அஞ்சின பையன்தான் அதை ஓட்டுகிறான்!

இந்தச் சூரியக் கற்பனை வானத்திலிருந்து விழவில்லை. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது அதிகம் அடிபட்ட நாடுகளில் பிரான்சும் ஜப்பானும் உண்டு. இரண்டு நாட்டு மண்ணிலும் எண்ணெய் இல்லை என்றே சொல்லலாம். ஜப்பான் 1974இல் சூரிய ஆற்றலுக்காகவே ஓர் அரசுத் திட்டம் தொடங்கி, 1981இல் ககாவா மாவட்டத்தின் நியோவில் சோதனை மின்நிலையம் கட்டியது. பிரான்ஸ் பிரெனே மலைச்சரிவில், ஓதெய்யோவில் பெரிய சூரிய உலை வைத்திருந்தது. அதற்குப் பக்கத்திலேயே தெமிஸ் என்ற சூரிய மின்நிலையம் 1983இல் இயங்கத் தொடங்கியது. அதாவது, தொடர் பிரெஞ்சுத் திரையில் தொடங்கிய அதே ஆண்டு. பெரியவர்கள் செய்தித்தாளில் படித்ததைப் பிள்ளைகள் கதையாகப் பார்த்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தொடரின்படி மூவும் அட்லாண்டிஸும் சூரியனின் ஆற்றலை ஆயுதமாக்கி ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. பொன்னகரத்துக்குள் பிள்ளைகள் காண்பது புதையல் அறையை விடப் பெரியது: ஒரு மாபெரும் உலை. அது கட்டுமீறுகிறது, அதை அடக்க ஒரு மனிதர் தன் உயிரைக் கொடுத்து உள்ளே போகிறார். ஜப்பானியர்களின் கைவண்ணத்தில் இந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஹிரோஷிமா நடந்து அப்போது நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை.

இனி எனக்கு இந்தத் தொடரோடு இருக்கும் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். அது மூவைப் பற்றியது.

மூ எப்படிப் பிறந்தது தெரியுமா? 1562இல் யுகடான் பகுதியின் மானி என்ற ஊரில், டியேகோ தெ லாந்தா என்ற துறவி மாயா மக்களின் சுவடிகளைக் குவித்துத் தீ வைத்தார். அதே லாந்தா பின்னால் மாயா எழுத்துக்கு ஓர் அகரவரிசை எழுதிவைத்தார். அவர் எழுத்து எழுத்தாகக் கேட்டார், சொன்னவர்கள் அசை அசையாகச் சொன்னார்கள், அவர் அதை அப்படியே அகரவரிசையாக எடுத்துக்கொண்டார். முந்நூறு ஆண்டு கழித்து பிரசர் தெ பூர்பூர் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், தப்பிப் பிழைத்த மிகச் சில மாயாச் சுவடிகளில் ஒன்றை இந்த அகரவரிசையை வைத்துப் படிக்க முயன்றார். கடலில் மூழ்கிய மூ என்ற நிலம் ஒன்று அதில் இருப்பதாக முடிவுகட்டினார். சுவடியில் அப்படி ஒன்றுமே இல்லை. 1926இல் ஜேம்ஸ் சர்ச்வார்ட் அதைப் பசிபிக் கடலுக்கு நகர்த்திப் புத்தகமாக்கினார். எரித்த சுவடிகளின் சாம்பலும் ஒரு பிழையான வாசிப்பும் சேர்ந்து ஒரு கண்டமாயின.

இந்த அவைக்கு இது புதிய கதை இல்லை. ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் 1864இல் மடகாஸ்கரின் விலங்குகளைப் பற்றி எழுதும்போது சொன்ன லெமூரியா நம் ஊருக்கு வந்து குமரிக்கண்டத்தோடு சேர்ந்துகொண்டதை அறிந்தவர்கள் நீங்கள். மூவும் லெமூரியாவும் ஒரே நூற்றாண்டில் பிறந்த பங்காளிகள். மூழ்கிய நிலத்தின் கடைசி வாரிசாகத் தாவோ தன் ஏட்டைப் பத்திரமாகச் சுமந்துகொண்டு திரிகிறபோது, அந்த ஏக்கம் எனக்கு அந்நியமாகவே படவில்லை. இழந்ததைப் பெரிதாக நினைக்கிற உரிமை இழந்தவர்களுக்கு உண்டு.

என் வழக்கு வேறு இடத்தில். சூரியக் கப்பலும் பறக்கும் காண்டோரும் பொன்னகரமும் மூவினருடையவை என்று கதை சொல்லும்போது, இன்காக்களும் மாயாக்களும் யாரோ செய்துவைத்துப் போனதற்குக் காவல் இருக்கிறவர்களாகச் சுருங்கிவிடுகிறார்கள். மெக்சிகோவின் மிகப் பழைய நாகரிகங்களில் ஒன்றைப் படைத்த ஓல்மெக் மக்களை இந்தத் தொடர் மலைக்குள் ஒளிந்து வாழும் விசித்திரப் பிறவிகளாக வரைந்திருக்கிறது. பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள கல் தலைகளைச் செதுக்கியவர்கள் மனிதர்கள். அவர்களை வேற்றுக்கிரகத்தார்போல் காட்டியது நியாயம் இல்லை. இந்த மக்களால் இவ்வளவு பெரிய வேலை செய்திருக்க முடியாது, வேறு யாரோ செய்திருக்க வேண்டும் என்ற பழைய சந்தேகத்துக்கு இது தீனி போடும். எடுத்தவர்களுக்கு அந்த எண்ணம் இருந்ததென்று நான் நினைக்கவில்லை. விளைவு விளைவுதான்.

ஆனால் அவர்களே அதற்கு மருந்தும் வைத்திருந்தார்கள். பிரெஞ்சு வடிவத்தில் ஒவ்வொரு பகுதியும் முடிந்தவுடன் சில நிமிட ஆவணப்படம் ஒன்று வரும். வரைந்த படங்கள் இல்லை, நிஜமான காமிராக் காட்சிகள். ஆண்டீஸ் சந்தைகள், கற்சுவர்கள், நெசவு, ஏரிகள், அங்கே இன்றும் வாழ்கிற மனிதர்களின் முகங்கள். இப்போதுதான் கார்ட்டூனில் பார்த்த மலை, உடனே நிஜ மலையாக நிற்கும். இன்காக்களின் சக்சய்வமான் கோட்டைக் கற்களைப் பாருங்கள். நூறு டன்னைத் தாண்டும் கற்களும் அதில் உண்டு. சுண்ணாம்புச் சாந்து இல்லாமல், கத்தி முனை நுழையாதபடி பொருத்தியிருக்கிறார்கள். குஸ்கோவில் சூரியக் கோயிலின் அடிச்சுவர்மேல் ஸ்பானியர்கள் மடம் கட்டினார்கள். 1950இல் வந்த நிலநடுக்கத்தில் மடம் பெரும் சேதமடைந்தது. அடியில் இருந்த இன்காச் சுவர் நின்றது. மூவின் உதவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

கற்பனையையும் நிஜத்தையும் இப்படி அடுத்தடுத்து வைத்ததுதான் இந்தத் தொடரின் மிகத் துணிச்சலான காரியம் என்று நினைக்கிறேன். எது கதை, எது உண்மை என்று யாரும் கோடு போட்டுத் தரவில்லை. பறக்கிற காண்டோரைப் பார்த்த பிள்ளைக்கு, அடுத்த சில நிமிடத்தில் நிஜமான கிப்புவைக் காட்டினால், அது வீட்டில் கேட்கத் தொடங்கும். கிப்பு உண்மையா? பிஸாரோ உண்மையா? காண்டோர் உண்மையா? அந்தக் கேள்விகளோடு நூலகத்துக்குப் போன பிள்ளைகளில் சிலராவது தொல்லியலைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நம்ப எனக்குத் தயக்கமில்லை. எல்லா நாடுகளிலும் இந்த ஆவணப்பகுதி காட்டப்படவில்லை. அதில்லாமல் பார்த்தவர்கள் பாதித் தொடரைத்தான் பார்த்தார்கள்.

பெயர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தொடரில் பொன்னகரங்கள் ஏழு. அந்த எண் தொடரின் கண்டுபிடிப்பில்லை. மூர்களுக்கு அஞ்சிக் கடல் கடந்து போன ஏழு பிஷப்புகள் ஏழு நகரங்களை நிறுவினார்கள் என்று ஐபீரியாவில் ஒரு பழங்கதை உண்டு. அதை நம்பித்தான் 1539இல் மார்க்கோஸ் தெ நீஸா என்ற துறவி இன்றைய நியூ மெக்சிகோ பக்கம் போனார். அவருக்கு முன்னால் வழிகாட்டியாகப் போனவர் மொரோக்கோவின் அஸெமூரில் பிறந்த ஓர் அடிமை. ஏற்கெனவே எட்டு ஆண்டு அந்தக் கண்டத்தைக் கால்நடையாகக் கடந்து உயிரோடு திரும்பிய நால்வரில் ஒருவர். ஸூனி மக்களின் ஹாவிகூ ஊரில் அவர் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு கொரொனாடோ என்ற ஸ்பானியத் தலைவர் படையோடு போய்ப் பார்த்தபோது அங்கே கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள்தான் இருந்தன, தங்கம் இல்லை. அந்த மொரோக்கோக்காரரின் பெயரும் எஸ்தெபான். ஏழு நகரங்களைத் தேடிப் போன நிஜ எஸ்தெபானைப் பற்றித் தனியாகவே ஒரு மாலை பேச வேண்டும்.

கடைசியாக, தொடர்ச்சி. அக்காலத்துச் சிறுவர் தொடர்கள் பெரும்பாலும் ஒரு பகுதியில் தொடங்கி அதே பகுதியில் முடிந்துவிடும். இதில் 39 பகுதியும் ஒரே கதை. முதல் பகுதியில் சொன்ன பொய் பல வாரம் கழித்து வெளிப்படும். கல்கி இதழுக்காக வாசலில் காத்து நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். அந்த ஒரு வாரப் பசி எப்படிப்பட்டது என்று உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். பிள்ளைகளால் அவ்வளவு நீளமான கதையை மனத்தில் வைத்திருக்க முடியும் என்று இந்தத் தொடரை எடுத்தவர்கள் நம்பினார்கள். நம்பிக்கை வீண்போகவில்லை.

முடிவையும் அவர்கள் முடிவாக வைக்கவில்லை. ஒரு நகரம்தான் கிடைத்தது, அதுவும் அழிந்தது. மீதம் ஆறு. தங்கக் காண்டோர் பசிபிக்கின் மேல் மேற்கு நோக்கிப் போவதோடு 39ஆம் பகுதி நின்றுவிட்டது. அடுத்த கதை வர முப்பது ஆண்டு ஆனது. 2012இல் ஷலோப்பானின் பங்களிப்போடு, ப்ளூ ஸ்பிரிட் என்ற பிரெஞ்சு ஸ்டுடியோ, பிள்ளைகளைச் சீனாவுக்கு அழைத்துப்போகிற 26 பகுதிகளை எடுத்தது. கணினியில் செய்த உருவங்கள். கதையில் குறையில்லை. எனக்கு என்னவோ பியரோ ஸ்டுடியோவின் கையால் வரைந்த மலைகள்தான் மனத்தில் நிற்கின்றன. அந்தப் பின்னணி ஓவியங்களில் தூரம் இருக்கிறது, காற்று இருக்கிறது.

நான் பேசியது போதும். இப்போது முதல் இரண்டு பகுதிகளைத் திரையிடப் போகிறோம். பிள்ளைகள் முன்வரிசைக்கு வந்துவிடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பின்னால் வருகிற ஆவணப்பகுதியையும் வெட்டாமல் போடச் சொல்லியிருக்கிறேன். யாரும் இடையில் எழுந்து போய்விட வேண்டாம். கேள்விகளைப் படம் முடிந்தபிறகு வைத்துக்கொள்வோம். மெண்டோசா நல்லவனா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குப் பெரியவர்களை விடப் பிள்ளைகளின் பதிலைக் கேட்கவே எனக்கு ஆவல்.